குடை பிடித்த ஆடு

ஆகஸ்ட் 4, திங்கள்

இருபத்தாறு வருடமாக மனைவிக்குச் சர்க்கரை இல்லாத காபி போட்டுக் கொடுத்த ஒருவர், ஒரு காலையில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி, "சரியா இருக்கா?" என்று கேட்கிறார். இதை ஆராய்வது உளவியலின் எந்தக் கிளை? எனக்குத் தெரியவில்லை.

பாடத்தின் கடைசியில் வரும் தன்மதிப்பீட்டு வினாக்களில் எட்டாவதாக இதை எழுதினேன். எழுதியதும் அடித்துவிட்டேன்.

தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு முதல் பாடம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்: 'உளவியலின் முக்கியக் கிளைகளும் அவற்றின் ஆய்வுப் பொருளும்'. பதினைந்து பக்கம், எளிய தமிழ், இருபத்தெட்டாம் தேதிக்குள். ஒப்புக்கொண்டதற்குக் காரணம், கல்லூரியில் எனக்கு வேலை குறைந்துவிட்டது. இந்த வருடம் முதலாமாண்டில் நான்கு பேர். அதில் ஒருத்தி வணிகவியல் கிடைத்ததும் போய்விட்டாள்.

கிளைகள் என்று சொன்னதும் பிள்ளைகள் ஒரு மரம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இருபத்து மூன்று வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த மரத்தை நான் பார்த்ததில்லை.

"சரியா இருக்கு" என்று சொல்லிக் காபியைக் குடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வளர்ச்சி உளவியல் முடிந்தது. கருவிலிருந்து முதுமைவரை மனிதரிடம் ஏற்படும் மாற்றங்களை ஆராய்வது. முன்பெல்லாம் பதினெட்டு வயதோடு நிறுத்திவிடுவார்கள், இப்போது கடைசிவரை போகிறார்கள். கடைசிப் பகுதிக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கினேன்.

பதினோரு மணிக்குப் பொறியாளர் கோமதிசங்கர் வந்தார். என் கணவர் கட்டட வரைபடம் போடுவது பெரும்பாலும் அவருக்குத்தான். பன்னிரண்டு வருடப் பழக்கம். கையில் சுருட்டிய தாள். நான் அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, இந்தப் பிளான்ல ஒரு சின்ன விஷயம்."

"சொல்லும்."

"அடுக்களைக்கு வாசலே வைக்கலியே. பொம்பளையாளு சன்னல் வழியா குதிச்சுப் போயி சோறு வடிக்கணுமா?"

இவர் உரக்கச் சிரித்தார். கோமதிசங்கரும் சிரித்தார். "வீட்டுக்காரன் ஓட்டல்ல சாப்புடுறவன்னு நெனச்சிட்டேம்வே" என்றார் இவர். நல்ல பதில். உடனே வந்த பதில். மறதிக்காரர்களுக்கு இப்படி வராது.

போகும்போது கோமதிசங்கர் என் அறை வாசலில் நின்றார். சிரிப்பு இல்லை. "மதினி, போன மாசமும் ஒண்ணு இப்படித்தான். மாடிப்படி பாதியிலயே நின்னுபோச்சு. நானே சரிபண்ணிட்டேன். அவுக கிட்டச் சொல்லல."

வேலை அதிகம், கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். தாளை மட்டும் இங்கே விட்டுப் போகவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கறிவேப்பிலை, துணி சோப்பு, பேனா ரீஃபில். சமூக உளவியல் இரண்டு பக்கம். காற்று பலமாக இருந்தது, மாடித் துணியில் பாதி பக்கத்து வீட்டில்.

ஆகஸ்ட் 9, சனி

ஷெரின் பெங்களூரிலிருந்து பேசினாள். "அம்மா, அப்பா அஞ்சு நிமிஷத்துல மூணு தடவை 'சாப்ட்டியாம்மா'ன்னு கேட்டாங்க."

"எல்லா அப்பாவும் அப்படித்தான் கேப்பாங்க."

"நீங்க சைக்காலஜி படிச்சவங்க. நான் சொல்லி உங்களுக்குத் தெரியணுமா?"

படித்ததால்தான் அவசரப்படவில்லை என்று சொன்னேன். பாடப்புத்தகம் படிக்கும் முதல் வருடப் பிள்ளைகளுக்கு எல்லா நோயும் தங்களுக்கே இருப்பதாகத் தோன்றும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டிவைப்பார்கள். நான் அந்த வயதைத் தாண்டி வெகுநாள் ஆகிறது.

அவளே வண்ணார்பேட்டையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள். விவாதிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிறழ்நிலை உளவியல், மருத்துவ உளவியல். முதலாவது, இயல்பிலிருந்து விலகிய நடத்தை எது, ஏன் என்று ஆராய்கிறது. இரண்டாவது அதைச் சோதித்து, கண்டறிந்து, சிகிச்சைக்கு வழி பார்க்கிறது. இயல்பு என்றால் என்ன என்று எந்த நூலிலும் திருப்தியான விளக்கம் இல்லை. நானும் பழைய விளக்கத்தையே எழுதினேன்: பெரும்பாலோர் செய்வது.

உடலியல் உளவியலுக்கு மூளைப் படம் ஒன்று வேண்டும். இவரிடம் கேட்டேன். என் எம்.ஃபில். ஆய்வேட்டிலும் மூளைப் படம் இவர் போட்டதுதான். பென்சிலைச் சீவி உட்கார்ந்து இருபது நிமிடத்தில் முடித்தார். ஒரு கோடு பிசகவில்லை. நான்கு மடல்களுக்கும் பெயர் எழுதினார். 'இந்தக் கை இருக்கும்வரை பயமில்லை' என்று நினைத்தேன்.

சாயங்காலம் மேசையை ஒதுங்க வைக்கும்போது அதே படம் இன்னும் பதினொன்று இருந்தது. மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், கோமதிசங்கரின் புதிய வேலைக்கான தாளில். பன்னிரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மருத்துவரிடம் போனோம்.

புறப்படும்போது இன்றைக்குத் தேதி என்ன, கிழமை என்ன என்று இவரிடம் இரண்டு முறை சொன்னேன். ஆட்டோவில் இன்னொரு முறை. பேச்சுவாக்கில்தான்.

மருத்துவர் பார்ப்பதற்கு முன் ஒரு சோதனை. பெனசீர் என்ற சின்னப் பெண் எடுத்தாள். மருத்துவ உளவியல் படித்துவிட்டு இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள என்னை அனுமதித்தாள். நான் யார் என்று சொல்லவில்லை.

தேதி, கிழமை, மாதம், ஊர். சரியாகச் சொன்னார். கனசதுரம் வரையச் சொன்னாள். வரைபடக்காரரிடம் கனசதுரம் கேட்டால் எப்படி இருக்கும்? அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு ஒரு நகல் தாளை எடுத்தாள். நகலின் நகல், எழுத்துக்கள் தேய்ந்திருந்தன. "அங்கிள், இப்ப பத்து வார்த்தை வாசிப்பேன். முடிஞ்சதும் ஞாபகம் இருக்கிறதை எல்லாம் சொல்லுங்க."

குடை, ஆடு, விளக்கு, மாமா, உப்பு, பாலம், கிணறு, தபால், செருப்பு, மழை.

அது என் பட்டியல்.

2001-இல் எம்.ஃபில். ஆய்வுக்காக நான் தயாரித்தது. நினைவாற்றல் சோதனைக்குத் தமிழில் சொற்பட்டியல் இல்லை, ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். எழுத்தறியாதவருக்கும் தெரிந்த, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துச் சொற்களைத் தேடி எடுக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. நானூறு பேரிடம் சோதித்தேன். ஆய்வேடு நூலக அலமாரியில் கிடக்கிறது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். யார் கொடுத்து, எந்த வழியாக இங்கே வந்தது என்று தெரியவில்லை. தாளில் பெயர் இல்லை. இருந்தாலும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த நாற்காலியில் இருந்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டுமென்றால், சந்தோஷமாக இருந்தது. முதலில் சந்தோஷம்தான்.

இவர் பத்தையும் சொன்னார். வரிசை மாறாமல். இருபது நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டாள். அப்போதும் பத்து.

"அங்கிள், எனக்கே ஏழுதான் வரும்!" என்றாள் பெனசீர்.

இவர் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

முப்பதுக்கு இருபத்தெட்டு. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. இதுக்கு ஸ்கேன் எல்லாம் இப்ப தேவையில்லை. வயசு, கொஞ்சம் டென்ஷன். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். பிறகு என்னிடம், "வீட்டில எப்படி இருக்கார்? வேலையில ஏதாவது தப்பு வருதா? இருந்தா சொல்லுங்க, சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்தில கொஞ்சம் தள்ளிப்போடலாம்."

"சமாளிச்சுக்கறார்" என்றேன்.

ஷெரினுக்கு 28/30 என்று செய்தி அனுப்பினேன். இதயம் மூன்று அனுப்பினாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.

அந்தப் பட்டியலுக்கு முதல் ஆள் இவர்தான். உளவியல் படிக்கிற எல்லோரும் செய்கிற காரியம் இது. செய்முறை வகுப்புக்குச் சோதனைக்கு ஒரு ஆள் வேண்டும், கிடைப்பது வீட்டில் இருப்பவர். நொடிக்கு ஒரு சொல் என்ற வேகம் என் நாக்கில் பழகுவதற்காக, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இவர் முன்னால் அதை வாசித்திருக்கிறேன். சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது. நூறு முறை இருக்கும். ஷெரின் அப்போது கைக்குழந்தை. அவளை மடியில் போட்டுக்கொண்டு இவர் அதைப் பாட்டாகவே கட்டிவிட்டார்:

'குடை பிடிச்ச ஆடு, விளக்கு தூக்குன மாமா, உப்பு வாங்கப் பாலத்துல போனா, கிணத்துக்குள்ள தபாலு, செருப்பு போட்ட மழை.'

அந்தப் பாட்டைக் கேட்காமல் அவள் இரண்டு வயதுவரை தூங்கியதில்லை.

ஆய்வேட்டின் இணைப்பில் ஒரு வரி இருக்கிறது. இன்று எடுத்துப் பார்த்தேன். 'அ.நா., ஆண், வயது 33: சொற்களுக்கு மிகவும் பழகிவிட்டதால் இவருடைய மதிப்பெண் கணக்கில் சேர்க்கப்படவில்லை.' அ.நா. என்றால் அருமைநாயகம்.

ஆறு மாதம் ஒன்றும் பெரிய காலம் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பரிசோதனை உளவியல். சூழ்நிலையைக் கட்டுப்படுத்தி, ஒன்றை மட்டும் மாற்றி, என்ன நடக்கிறது என்று பார்ப்பது. அதில் பயிற்சி விளைவு பற்றி ஒரு பத்தி எழுதினேன்: ஒரே சோதனையை ஒரே ஆளிடம் பலமுறை நடத்தினால் கிடைக்கும் மதிப்பெண் அவருடைய திறனைக் காட்டாது, பழக்கத்தைத்தான் காட்டும். அறிமுகப் பாடத்துக்கு இது அதிகம் என்று பட்டதால் எடுத்துவிட்டேன்.

கோமதிசங்கர் ஒரு வாரமாக வேலை தரவில்லை. "அவன் பிஸியா இருக்கான்" என்கிறார் இவர்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை ஒன்பதரைக்கு வாசல் பக்கத்து ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, "மீன் வாங்கிட்டு வாரேன்" என்று போனார். எனக்கு மதியம்தான் வகுப்பு. தொழில்துறை உளவியல் எழுதிக்கொண்டிருந்தேன். பணியாளர் தேர்வு, ஊக்கம், களைப்பு.

பதினொன்றரை ஆயிற்று. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பன்னிரண்டரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். மீன் இல்லை. ஸ்கூட்டர் இல்லை. சட்டை முழுக்க வியர்வை.

"ஸ்கூட்டர் எங்கங்க?"

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

"எந்தக் கடையில?"

"அந்தக் கடையிலதான். எப்பவும் விடுறது. என்ன நீ, போலீஸ் மாதிரி கேக்க?"

ஆட்டோக்காரர் போகாமல் நின்றார். "யக்கா, சமாதானபுரத்துல ஒரு வீட்டுல ஏத்திவிட்டாங்க. அட்ரஸ் அந்தம்மாதான் போன் போட்டு விசாரிச்சுக் குடுத்தாங்க."

சமாதானபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தது 2007 வரை. நானே போனேன். ஸ்கூட்டர் அந்த வீட்டு வேப்பமரத்தடியில் ஒழுங்காக நிறுத்தியிருந்தது, எப்போதும் நிறுத்தும் இடத்தில். இப்போது குடியிருக்கும் பெண்ணுக்கு என் வயது இருக்கும். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நேரா உள்ள வந்துட்டாரு. நான் கத்திட்டேன். அவரு பதறவே இல்ல பாத்துக்கிடுங்க. 'செலின் காலேஜுக்குப் போயிட்டாளா?'ன்னு என்கிட்டக் கேட்டாரு. அப்புறம் தொட்டில் எங்கன்னு கேட்டாரு."

செலின் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்றாள்.

"காட்டியாச்சு. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அதைச் சொல்லும்போது என் குரல் வகுப்பில் பேசுகிற குரலாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் ஒரு பள்ளிக்கூடம் விட்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, கடைசிப் பிள்ளை போகும்வரை நின்றேன். காலையில் இவர் இதே வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

சாவியை அதே ஆணியில் மாட்டினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோவிலில் ஞாயிறு ஆராதனையில் பாமாலை நான்கு சரணங்களையும் புத்தகம் பார்க்காமல் பாடினார். பக்கத்தில் இருந்தவர்கள் பாராட்டினார்கள். வெளியே வந்ததும் செருப்பு வைத்த இடம் தெரியாமல் நின்றார். அது எல்லோருக்கும் நடப்பதுதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தொலைநிலைக் கல்வி ஒருங்கிணைப்பாளர் போன். "மேடம், எப்படிப் போகுது? பிள்ளைங்களுக்கு நம்பிக்கை வர்ற மாதிரி ஒரு முன்னுரை போடுங்க. சைக்காலஜி படிச்சா வீட்டில இருக்கிறவங்களைப் புரிஞ்சுக்கலாம், அந்த மாதிரி."

அப்படி எழுத என்னால் முடியாது என்றேன். சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 27, புதன்

அறிதிறன் உளவியல் மட்டும் பாக்கி இருந்தது. புலன்வழி அறிதல், கவனம், நினைவு, மொழி, சிந்தனை. என் சொந்தக் கிளை என்று சொல்லிக்கொள்வது. அதனாலோ என்னவோ கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். காலையில் உட்கார்ந்து முடித்துவிட்டேன். நினைவு மூன்று கட்டமாக நடக்கிறது: பதிதல், தங்குதல், மீட்டல். எழுதும்போது ஒன்று உறைத்தது. மீட்டல் கெட்டால் பழையது போய்விடும். பதிதல் கெட்டால் பழையது அப்படியே இருக்கும், புதியது உள்ளே நுழையாது. வாசல் இல்லாத அடுக்களை.

மத்தியானம் இன்னொரு பட்டியல் தயாரித்தேன். பழையதற்கு இணையாக, அதே அளவு பழக்கமான சொற்கள். பூட்டு, யானை, மேசை, தங்கச்சி, பஞ்சு, ஏணி, ஆறு, சினிமா, சட்டை, வெயில். ஏழு மாத வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. இவர் இதை ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

நாளை காலை பத்து மணிக்கு வாசித்துப் பார்ப்பேன். முடிவைப் பார்த்த பிறகு எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்வது ஆய்வில் மோசடி, அதனால் இப்போதே எழுதிவைக்கிறேன்: இவர் வயதில் சராசரி ஆறு. குறைந்தது நான்கு வரும் என்று எதிர்பார்க்கிறேன். நான்கு வந்தால் ஆறு மாதம் காத்திருக்கலாம்.

மூன்று வந்தாலும் காத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நடந்தது இது.

பத்து மணிக்கு முன்னறையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். மின்விசிறியை அணைத்தேன். நான் கடிகாரத்தை எடுத்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அப்படித்தான் உட்காருவார்.

"பத்து வார்த்தை சொல்லுதேன். முடிஞ்சதும் ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க."

"தெரியும், தெரியும். ஆரம்பி."

வாசித்தேன். நொடிக்கு ஒன்று. வேகம் பிசகவில்லை. கவனமாகக் கேட்டார். யானை என்றபோது லேசாகச் சிரித்தார். முடித்துவிட்டுச் சொல்லச் சொன்னேன்.

"குடை, ஆடு, விளக்கு, மாமா, உப்பு, பாலம், கிணறு, தபால், செருப்பு, மழை." மூச்சு வாங்கிக்கொண்டு, "பத்துக்குப் பத்து! உன் கைடு என்ன சொல்லப்போறாரு?"

"சந்தோஷப்படுவாரு."

"இந்தத் தடவையாவது என் பேரைப் போடச் சொல்லு. பாப்பா எந்திரிச்சிட்டாளா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மெதுவாப் பேசு."

புதிய பட்டியலிலிருந்து நினைவுகூர்ந்தவை: பூஜ்யம். இருபது நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை.

பதினொன்று பத்துக்கு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். பெனசீர்தான் எடுத்தாள். என் பெயரையும் வேலையையும் சொன்னேன். அந்தப் பட்டியல் என்னுடையது, அதை முதலில் சோதித்தது என் கணவரிடம், அவருடைய மதிப்பெண்ணைத் தள்ளிவிட வேண்டும் என்றேன். அடுக்களை வாசல், ஸ்கூட்டர், தேதி சொல்லிக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேம், அந்த லிஸ்ட்டைத்தான் நாங்க எல்லாருக்கும் யூஸ் பண்றோம். அப்ப அது தப்பா?"

"இல்லம்மா. மத்த எல்லாருக்கும் அது செல்லும். இவருக்கு மட்டும்தான் செல்லாது."

பிறகு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. மருத்துவரிடம் பேசிவிட்டு அவளே திரும்ப அழைத்தாள். திங்கட்கிழமை ஸ்கேன், காலை எட்டு மணி. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னாராம்.

மூன்று மணிக்குப் பாடத்தை அனுப்பினேன். பயிற்சி விளைவு பற்றிய பத்தியைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன்.

ஸ்கூட்டர் சாவியை என் கைப்பையின் உள்ளறையில் வைத்துவிட்டேன். நாலரைக்கு அவர் ஆணியைப் பார்த்தார். மேசையில் தேடினார், சட்டைப் பைகளில் தேடினார், அலமாரிக்கு அடியில் குனிந்து தேடினார். இருட்டும்வரை தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.